சக்கரம் தண்ணி குடிக்காது

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அவர் டீமேக்கர் ஐயா, கீழே வயல் கிராமத்துச் சிங்களவர்களுக்கு டீமேக்கர் மாத்தயா, எனக்கு வெறும் ஐயா. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுவதிலிருந்து பெட்டியில் அடைபடும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. மாவனல்லைப் பக்கமிருந்து ஏறிவரும் தோட்டத்து ரோட்டில், வயலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை பிரிகிற முடக்கில்தான் வாப்பா எனக்கு விட்டுப்போன கடை. மேலே ஸ்டோரின் சத்தமும் கீழே வயலின் சத்தமும் ஒன்றாக வந்து விழுகிற இடம் அது. அதனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

யாழ்ப்பாணத்து மனிதர். துலா மிதித்து இறைத்த தண்ணீரில் புகையிலை வளர்த்த குடும்பம். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து, வானம் ஒழுகிக்கொண்டே இருக்கிற எங்கள் சப்ரகமுவ மலையில் விட்டால் சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்போம்? மனிதர் நிம்மதி கெட்டுப்போனார். மழை கொட்டும்போது ஸ்டோர் வாசலில் நின்று, ஊதாரி மகனைப் பார்க்கிற தகப்பன் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் சும்மா போகுது தம்பி," என்பார். "ஒரு வேலையும் செய்யாமல் கடலுக்குப் போகுது."

"மழையப் போய் வேலைக்கு வரச் சொல்ல ஏலுமா ஐயா?" என்று நான் சிரிப்பேன்.

அவர் சிரிக்க மாட்டார். என் கடையில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிய தண்ணீரை நான் வாசலில் வீசினால் அவருக்கு முகம் சுண்டிவிடும். ஒருநாள் பிளந்த மூங்கில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து கடைக்குப் பின்புறம் வரை அதைச் சாய்வாகக் கட்டி, அதன் வாயில் ஒரு வெற்றிலைக் கொடியையும் நட்டுவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் கொடி கூரையைப் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதில் ஒரு இலை கிள்ளிக்கொண்டு, டீமேக்கரைக் கேலி பேசிக்கொண்டு போவார்கள். கேலிக்கும் வெற்றிலைக்கும் குறைவே இருந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்காட்டி விரலை உயர்த்துவார். நாமும் வாயை மூட வேண்டும். கடையிலிருந்து ஸ்டோருக்கு நல்ல ஏற்றம், நடந்தால் மூச்சு வாங்கும். அத்தனை தூரத்தில் சுற்றுகிற தண்ணீர்ச் சக்கரத்தின் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். "குறைஞ்சு போச்சு. கம்பியிலை இலை அடைச்சிட்டுது," என்று சொல்லிவிட்டுப் பாதி குடித்த தேத்தண்ணியை வெற்றிலைக் கொடிக்கு ஊற்றிவிட்டு ஏறிப்போவார். சக்கரத்துக்கு முன்னால் குப்பை தடுக்க ஒரு கம்பித் தட்டி இருந்தது. போய்ப் பார்த்தால் அதில் ஒரு வாரல் இலை ஒட்டியிருக்கும். எங்கள் காதுக்கு அது எப்போதும் ஒரே சத்தம்தான்.

அந்தச் சக்கரம் ஓடினால்தான் கொழுந்து அரைபடும். மலையிலிருந்து வரும் ஓடையை, எங்கள் பேச்சில் ஓயாவை, தோட்டம் கல்லணை கட்டி மறித்து, ஸ்டோருக்கு மேலே ஒரு சிறு குளமாக்கியிருந்தது. குளத்து மடையைத் திறந்தால் தண்ணீர் கல் வாய்க்காலில் சரிந்து வந்து சக்கரத்தில் விழும். வாய்க்காலின் நடுவழியில், ஒரு பாறைக்கு மறைவில், ஆள் உயரத்துக்கு வெட்டிய கல்குழி ஒன்று. அங்கே ஒரு பலகை. பலகையை ஒருபக்கம் வைத்தால் தண்ணீர் சக்கரத்துக்கு, மறுபக்கம் மாற்றினால் கிராமத்து வயலுக்கு. சக்கரத்துக்குப் போன தண்ணீர் மலையின் மறுபக்கப் பள்ளத்தில் விழுந்து, வயலையெல்லாம் தாண்டிப்போய்த்தான் ஓயாவில் சேரும். சிக்கல் முழுவதும் இந்த ஒரு பலகையில்தான் இருந்தது.

கிராமத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவரை வெல்விதானை என்பார்கள். அவர் கறுத்து மெலிந்த மனிதர், வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் குசும்பு. என் கடை வாங்கில் உட்கார்ந்து இவர்கள் இரண்டு பேரும் பிடித்த சண்டையை நாள் முழுக்கப் பார்க்கலாம். டீமேக்கருக்குச் சிங்களம் அரைகுறை. முக்கியமான இடம் வந்தால் என்னைத்தான் சொல்லச் சொல்வார்.

"சக்கரம் தண்ணி குடிக்காது. சொல்லு தம்பி அவருக்கு. போன தண்ணி ஒரு சொட்டும் குறையாமல் வெளியிலை வருது. நான் அதைக் கொண்டு ஒரு வேலை வாங்கிப்போட்டு விடுறன், அவ்வளவுதான்."

நான் சொன்னேன். வெல்விதானை எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"குடிக்கிறதில்ல, மெய்தான். வாயில எடுத்துக் கொப்பளிச்சு அந்தப் பக்கம் துப்பிடுது. எங்க பக்கம் துப்பச் சொல்லுங்க, நாங்க ஒண்ணும் அருவருக்க மாட்டோம்."

டீமேக்கர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றே பேச்சும் முடிந்தது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. என் கடைக் கொடியில் இலை கிள்ளி, ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொண்டார்கள். ஏற்பாடு இதுதான்: கொழுந்து அரைத்து முடிந்ததும் டீமேக்கர் மடையை மூடுவார், சக்கரம் நிற்கும். சத்தம் நின்றால் வயலின் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். வெல்விதானை ஏறிப்போய்க் காய்ந்த கல்குழிக்குள் இறங்கி, சேறும் சருகும் வாரிப்போட்டு, பலகையை மாற்றி, வெளியே வந்து "ஹூ" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் மேலே இவர் மடையைத் திறப்பார். பாறை மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காக அந்தத் தண்ணீர் காலையில் தேயிலையும் மத்தியானத்துக்கு மேல் நெல்லும் ஆக்கியது. அந்த நெல்லில் ஒரு பங்கு என் கடை வழியாகத் கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயங்களுக்கே அரிசியாக ஏறிப்போனது.

பிறகு மழை பொய்த்த ஒரு வருஷம் வந்தது. ஓயா கல் தெரிய ஓடியது. குளம் நிறைய நேரம் பிடித்ததால் சக்கரத்தை மெதுவாகவே ஓட்டி, கொழுந்து அரைத்து முடிக்கப் பொழுது சாய்ந்தது. வயலின் முறை தேய்ந்து தேய்ந்து, ஒரு கண்ணிமைப்பு போல ஆகிவிட்டது. வெல்விதானை கடைக்கு வந்தபோது வாயில் வெற்றிலை இல்லை.

"கதிர் தொண்டையில நிக்குது மாத்தயா," என்றார் வாங்கில் இருந்த டீமேக்கரிடம். "இந்த வாரம் தண்ணி கிடைச்சா நெல்லு. இல்லாட்டிப் பதர். நாளைக்கு மட்டும் கொஞ்சம் நேரத்தோட சக்கரத்த நிப்பாட்டுங்க."

வாடின கொழுந்து தட்டுகளில் காத்துக்கிடந்தால் கெட்டுப்போகும், தோட்டத்தை நடத்துகிற துரை சும்மா விட மாட்டார். டீமேக்கர் கடைசியில், "பலமு," என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். பார்ப்போம் என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் வெல்விதானை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் மண்ணெண்ணெய் டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போயிருந்தேன். கொழுந்து அரைக்கும் உருளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய தோல் பெல்ட் அறுந்து, சாட்டை மாதிரி சுவரில் அடித்தது. டீமேக்கர் ஓடிப்போய் மடையை மூடினார். சக்கரம் நின்றது. பெல்ட்டை எடுத்துத் தைத்து மாட்டுகிற வரைக்கும் மலை முழுக்க அமைதி. கீழே வயலில் ஒரு குருவி கத்துவதுகூடக் கேட்டது. அந்த அமைதி கிராமத்துக்கு என்ன சொல்லும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது அறுந்த பெல்ட், அவ்வளவுதான்.

பெல்ட்டை மாட்டினார்கள். ஐயா போய் மடையை முழுவதும் திறந்துவிட்டு இறங்கி வந்தார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. உருளைகள் உறுமின. அவர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், விரலை உயர்த்தினார்.

"குறைஞ்சு போச்சு," என்றார். "கம்பியிலை இலை அடைச்சிட்டுது."

சருகு இழுக்கும் வாரியை எடுத்துக்கொண்டு அவரே போனார். நானும் பின்னால் போனேன்.

அங்கே கம்பித் தட்டியில் கண்டதை நான் விவரிக்கப் போவதில்லை. வெல்விதானையின் கையில் ஒரு பிடி சருகு இருந்தது. அதை அவர் விடவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். தவறுதலாக நேர்ந்த மரணம் என்று முடிவானது. அதில் பொய் இல்லை. முறை வருமுன் குழிக்குள் இறங்கியது அவர், வேறு யார் என்ன செய்ய முடியும் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். கிராமம் ஒன்றும் பேசவில்லை. வெட்டரிவாளோடு யாராவது வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சவ அடக்கத்துக்கு டீமேக்கர் வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து இல்லை, ஸ்டோர் பூட்டு. ஆனால் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லாரும் அதைக் கேட்டார்கள். மறுநாளும் ஓடியது, கொழுந்து முடிந்த பிறகும் ஓடியது. உருளைகளின் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் சக்கரத்தை மட்டும் சுற்ற விட்டிருந்தார். கோப்பை கழுவிய தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த மனிதர், ஒரு குளத்துத் தண்ணீரை ஒரு வேலையும் வாங்காமல் மறுபக்கப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா வெறும் சக்கரத்த ஓட்டுறாருங்க நானா," என்று, என்னை அண்ணன் முறை வைத்து, ஸ்டோரில் வேலை செய்கிற ஒருத்தன் என் கடையில் வந்து குசுகுசுத்தான். "பேய்க்குக் கொழுந்து அரைக்கிறாருன்னு லயத்துல பேசிக்கிறாங்க. பொண்டுக அந்தப் பக்கம் போறதே இல்லைங்க."

குளத்தில் தண்ணீர் தீரும் வரை ஓட்டுவார். தீர்ந்து சக்கரம் தானாக நிற்கப் போகிற நேரத்தில் மடைக்கு மேல் ஏறி நின்று, யாராவது வருகிறார்களா என்று பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாராம். கீழே வயல் வெடித்து, வெடிப்பில் கால் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. வெல்விதானையைக் கொன்றது போதாது என்று வயலையும் கொல்கிறான் என்றுதான் கிராமம் நினைத்தது. எனக்கும் அப்போது அவர்மேல் கடுங்கோபம்.

பிக்குகளுக்குக் கொடுக்கும் ஏழாம் நாள் தானம் முடிந்த மறுநாள், வெல்விதானையின் மனைவி வெள்ளைச் சேலையோடு கடை வாசலில் வந்து நின்றாள். நடுவயது, நெடிய உருவம். அழுது முடித்த முகம்.

"முதலாளி, என்கூட மேலே வாங்க. நான் பேசுறது அந்த மாத்தயாவுக்கு விளங்கணும்," என்றாள்.

போனேன். ஸ்டோர் வாசலில் அவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவவுக்கு ஒண்டு சொல்லு. அண்டைக்கு மடையைத் திறந்துபோட்டு வரேக்கை 'ஹூ' எண்டு ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. அந்தாள் தன்ரை முறையைக் கேட்டுக் கூப்பிடுறார் எண்டு நினைச்சன். பொறு, பொறு எண்டு எனக்குள்ளை சொல்லிக்கொண்டு இறங்கி வந்தன். அப்ப அவர் குழிக்குள்ளை நிண்டிருக்கிறார். சொல்லு தம்பி. ஒண்டும் விடாமல் சொல்லு."

வாழ்க்கையில் எத்தனையோ பேச்சைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அதுபோல ஒன்றை மாற்றியதில்லை. சொல்லி முடித்தேன். அவள் சக்கரத்தின் பக்கம் திரும்பினாள்.

"சக்கரத்த ஏன் நிப்பாட்ட மாட்டேங்கிறார்னு கேளுங்க," என்றாள்.

கேட்டேன்.

"சத்தம் நிண்டால் அந்தாள் வந்திடும்," என்றார் அவர். குழந்தைக்கு விளக்குவது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "சத்தம் நிண்டால் வா எண்டுதானே நாங்கள் பேசினது?"

அதையும் சொன்னேன். அவள் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. கோபம்தான் வரும் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"எங்க மனுஷன் பொறுத்துட்டார்," என்றாள். "கதிர் பொறுக்காது. நான் போய்க் குழிக்கிட்ட நிக்கிறேன். யார் வந்தாலும் நான் பார்த்துக்கிறேன். மாத்தயாவ மடையை மூடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பாறைப் பக்கம் நடந்தாள். டீமேக்கர் என்னைப் பார்த்தார். பிறகு மடைக்கு ஏறினார். நானும் போய்ச் சேர்ந்து மடைக் கதவை இறக்கினேன். சக்கரம் ஓய்ந்து ஓய்ந்து நின்றது. அந்த அமைதியில் பாறைக்கு அந்தப் பக்கம் சருகு வாரும் சத்தம் கேட்டது. பலகை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு "ஹூ" என்று ஒரு குரல். பெண்கள் அப்படிக் குரல் கொடுத்து எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. அது மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

டீமேக்கர் திறக்கவில்லை. மடையைப் பிடித்தபடி, தன் அரைகுறைச் சிங்களத்தில் உரக்கக் கூப்பிட்டார்: "கவுத எத்தன?" அங்கே யார் என்று அர்த்தம்.

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. "கவுருத் நே."

யாரும் இல்லை என்றாள். அதற்குப் பிறகுதான் திறந்தார்.

பாதி வயல் பிழைத்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் சக்கரத்துக்குத் திறக்கும்போதும் சரி, பிற்பாடு வயலுக்குத் திறக்கும்போதும் சரி, கேட்காமல் அவர் மடையில் கை வைப்பதில்லை. அவள் எங்கே நின்றாலும், நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும், நிமிர்ந்து பதில் சொல்வாள். சில நாள் பதில் வர நேரமாகும். கொழுந்து காத்துக்கிடக்கும், துரை கத்துவார், இவர் அசைய மாட்டார். "கவுத எத்தன?" "கவுருத் நே." வருஷக்கணக்கில் என் கடை அந்தக் கேள்வியோடுதான் விடிந்தது. இரண்டு பேரும் நேரில் பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் கடைக்கு வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். சக்கரம் தண்ணி குடிக்காது என்ற பேச்சையும் அவர் வாயிலிருந்து பிறகு யாரும் கேட்கவில்லை.

பின்னொரு காலத்தில் துரை எண்ணெய் எஞ்சின் ஒன்றை இறக்குவித்தார். மாட்டு வண்டியில் பாதி பாதியாக வந்தது. அது ஓட ஆரம்பித்த நாளில் ஊரே வேடிக்கை பார்த்தது. புகை கக்கிக்கொண்டு, கடைக் கண்ணாடிப் போத்தல்களெல்லாம் அதிரும்படி அது உறுமியது. டீமேக்கர் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

"இது குடிக்கிற சாமான் தம்பி," என்றார். "எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும்."

பழையபடி பேசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "சக்கரத்துக்குத்தான் இனி வேலை இல்லியே ஐயா. தண்ணி முழுக்க வயலுக்குத்தான். மடையையும் பேத்துட்டாங்க. இனிக் கூப்பிடவும் தேவையில்ல," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கோப்பை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் விடியலில், எஞ்சின் கிளம்பும் முன், மடை இருந்த இடத்தில் நின்று அவர் கூப்பிட்டது கேட்டது. திறக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் தன் பாட்டில் வயலுக்குப் போய், மிஞ்சியது வரப்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கீழே இவளும் பதில் சொன்னாள். அவர் கடைசிச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் நாள் வரை அப்படித்தான் நடந்தது. போகிற அன்று கடைக்கு வந்து, வெற்றிலைக் கொடியின் வேரில் கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, விரலை உயர்த்திக் கொஞ்சநேரம் நின்றார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். இரண்டு வருஷம் கழித்து, யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டதாகத் தோட்டத்துக் கிளாக்கர் சொன்னார்.

அந்தச் செய்தியை அவளிடம் சொல்ல வேண்டியவனும் நானாகத்தான் இருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் வயலுக்கு இறங்கினேன். எஞ்சின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும்தான். அவள் முழங்கால் சேற்றில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், தலை நரைத்துவிட்டது. நான் கிட்டப் போவதற்குள், அவள் நிமிர்ந்து மலைப் பக்கம் திரும்பி, "கவுருத் நே," என்றாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் ஊருக்குப் போயே ரெண்டு வருஷமாச்சே," என்றேன். "நீங்க யாருக்குப் பதில் சொல்றீங்க?"

அவள் கையிலிருந்த களையை வரப்பில் வைத்தாள்.

"ஆள்தான் போனார் முதலாளி," என்றாள். "கேட்கிறது இன்னும் நிக்கல்ல."